வாசகர் கேள்வி-பதில்: நாயை எங்கே கூட்டிப் போகலாம், எங்கே கூடாது?

சென்ற இதழில் ஒரு வாசகர், "சுற்றுலா இடங்களிலும் பொது இடங்களிலும் நாய்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன?" என்று கேட்டிருந்தார். "எல்லா இடத்திலும் வேண்டாம், சில இடங்களில் கட்டாயம் வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி இரண்டு தரப்பையும் கோபப்படுத்திவிட்டது. நாய் வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், நாயைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. நியாயம்தான், ஒரு வரியில் முடிகிற விஷயமா இது? அதனால் இந்த இதழ் முழுக்க நாய்தான். வீட்டில் வளர்த்து, வெளியே கூடவே கூட்டி வருகிற நாய்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தெருநாய் விவகாரம் வேறு, இதோடு அதைக் கலந்தால் இரண்டுமே குழம்பிவிடும்.

கேள்வி: என் ஐந்து வயது மகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். கயிறு இல்லாமல் ஓடி வந்த ஒரு பெரிய நாய் அவள் மேல் தாவிக் கீழே தள்ளிவிட்டது. கடிக்கவில்லை. நாயின் சொந்தக்காரர் தூரத்தில் நின்றபடியே, "பயப்படாதீங்க, அது ஒண்ணும் செய்யாது" என்று சிரித்தார். மூன்று மாதமாகிறது, பூங்கா என்றாலே மகள் வர மறுக்கிறாள். இதற்கு அப்புறமும் தடை வேண்டாம் என்பீர்களா?

பதில்: "அது ஒண்ணும் செய்யாது." நாய் வளர்க்கிறவர்கள் வாயிலிருந்து அதிகம் வருகிற வாக்கியம் இதுதான். நானும் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை இரண்டுமுறை அல்ல. சொல்லும்போது நமக்கு அது உண்மையாகத்தான் படுகிறது, ஏனென்றால் அந்த நாயைக் குட்டியிலிருந்து நமக்குத் தெரியும், அது சோபாவில் மல்லாந்து தூங்குவது தெரியும், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வது தெரியும். எதிரில் நிற்கிற குழந்தைக்கு இதில் எதுவுமே தெரியாது. நீங்கள் ஒருமுறை உங்கள் மகளின் உயரத்துக்குக் குனிந்து, ஒரு பெரிய நாய் ஓடி வருவதைப் பாருங்கள். நமக்கு இடுப்பளவு இருக்கிற தலை, அவளுக்கு நேராக முகத்துக்கு எதிரே வருகிறது. வாய் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது, மூச்சு முகத்தில் அடிக்கிறது. அந்த நேரத்தில் "ஒண்ணும் செய்யாது" என்பது எங்கிருந்தோ கேட்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒன்றும் செய்யவில்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். மூன்று மாதமாக ஒரு குழந்தைக்குப் பூங்காவே இல்லாமல் செய்திருக்கிறது.

நாயைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை அசட்டுத்தனமாகப் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ரேபிஸ் நோயால் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள். மனிதர்களுக்கு அந்த நோய் வருவது 99 சதவீதம் நாய் மூலமாகத்தான். பாதிக்கப்படுகிறவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா இல்லையா என்று தாவி விழுந்த நொடியில் எந்தத் தாய்க்குத் தெரியும்? (சிறு கீறலாக இருந்தாலும் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். 15 நிமிடம் என்பது மணி பார்த்து 15 நிமிடம். பலரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.)

சரி, தடை? குழந்தைகள் விளையாடுகிற பகுதிக்குள் முழுத் தடை வேண்டும், வேலி போட்டு. ஊஞ்சல், சறுக்குமரம், மணல் தொட்டி இருக்கிற இடத்தில் நாய்க்கு என்ன வேலை? பூங்காவின் மற்றப் பகுதியில் எப்போதும் கயிறு, நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கயிறு. கயிறு இல்லாமல் ஓடவிட ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக வேலி போட்ட இடம். அமெரிக்காவின் பெர்க்லியில் 1979-லேயே இப்படி ஓர் இடம் தொடங்கிவிட்டார்கள், இப்போது உலகம் முழுக்க இருக்கின்றன. இந்த மூன்றும் இருந்து, மீறுகிறவர்களிடம் அபராதமும் வசூலித்தால், முழுப் பூங்காவுக்கும் தடை தேவைப்படாது. இந்த மூன்றையும் செய்ய மாட்டோம், செய்ய ஆளும் இல்லை என்று நிர்வாகம் கைவிரித்தால், நான் உங்கள் பக்கம்தான், தடையே போடட்டும். விளையாட வருகிற குழந்தையின் உரிமை என் நாயின் உரிமைக்கு முன்னால் வருகிறது.

மகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். "பார், தடவிப் பார்" என்று எந்த நாயின் அருகிலும் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். எந்தத் தூரத்தில் அவளால் நாயைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நிற்க முடிகிறதோ, அங்கிருந்து ஆரம்பியுங்கள், எதிர்த் தெருவாக இருந்தாலும் பரவாயில்லை. நாய் நெருங்கினால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையை உடம்போடு சேர்த்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மரம் மாதிரி நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். ஆறு மாதத்துக்கும் மேல் இப்படியே இருந்தால் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், இந்தப் பயம் நன்றாகவே சரியாகக்கூடியது.

கேள்வி: எந்த ஊரிலாவது நாயை முழுசாகத் தடை செய்து பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924-ல் நாய் வளர்க்கவே தடை வந்தது. பூங்காவுக்குள் கூடாது, கடைக்குள் கூடாது என்பது மாதிரி இல்லை, ஊருக்குள்ளேயே கூடாது. காரணம் ஒரு நாடாப்புழு. நாயின் குடலில் இருக்கும், முட்டைகள் கழிவு வழியாக வெளியே வரும், அது மனிதர் உடம்புக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் வளரும். அந்த நாட்டில் அது பலரை வதைத்த நோய். அறுத்த ஆட்டின் உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடுவதால் அந்தப் புழு ஆட்டிலிருந்து நாய்க்கும், நாயிலிருந்து மறுபடி ஆட்டுக்கும் மனிதருக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. நோய் அடங்கிய பிறகும் தடை நீடித்தது. அறுபது ஆண்டு கழித்து, 1984-ல்தான் உரிமம் வாங்கி, நிபந்தனையோடு வளர்க்கலாம் என்று தளர்த்தினார்கள்.

இன்னொன்று அண்டார்டிகா. 1911-ல் நார்வே நாட்டுப் பயணி அமுண்ட்சென் தென்துருவத்தை முதலில் அடைந்தது நாய்கள் இழுத்த சறுக்குவண்டியில்தான். நாய் இல்லாவிட்டால் அந்தக் கண்டத்தில் மனிதன் அவ்வளவு தூரம் போயிருக்கவே மாட்டான் என்றுகூடச் சொல்லலாம். அப்படி உழைத்த நாய்களையே 1994 ஏப்ரல் 1-க்குள் அங்கிருந்து மொத்தமாக வெளியேற்றினார்கள், நாய்களிடமிருந்து டிஸ்டம்பர் என்ற வைரஸ் காய்ச்சல் போன்ற நோய்கள் சீல்களுக்குத் தொற்றிவிடலாம் என்பதால்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது. இரண்டிலும் தடைக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. ஓர் ஊரில் காரணம் போனது, தாமதமாகவாவது தடையும் போனது. இன்னோர் இடத்தில் காரணம் அப்படியே இருக்கிறது, தடையும் இருக்கிறது. "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகை வைக்கிற ஒவ்வொரு இடமும் அதற்குக் கீழே ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். எழுத முடிந்தால் அந்தத் தடையை மதிப்போம். எழுத வரவில்லை என்றால் அந்தப் பலகை அங்கே எதற்கு என்று நிர்வாகம் யோசிக்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் குழந்தை இல்லை. என் நாய்தான் என் பிள்ளை. அது குரைக்காது, யார் மேலும் பாயாது. கத்துகிற, குப்பை போடுகிற, சுவரில் பெயர் கிறுக்குகிற மனிதர்களை எல்லா இடத்திலும் விடுகிறீர்கள், என் நாயை மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்?

பதில்: உங்கள் பாசத்தை நான் ஒரு துளியும் குறைத்துப் பேச மாட்டேன். பதினான்கு வருடம் ஒரு நாயோடு வாழ்ந்து, அது போனபிறகு ஒரு மாதம் அதன் தட்டை எடுத்து வைக்க மனம் வராமல் இருந்தவன் நான். குப்பை போடுகிற மனிதர்களைப் பற்றி நீங்கள் சொல்வதும் உண்மை. ஆனால் அவர்கள் செய்வது தப்பு என்பதால் நம்முடையது சரியாகிவிடாதே?

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாய் உங்களுக்குப் பிள்ளையாக இருப்பது உங்கள் வீட்டுக்குள் நடந்த ஓர் அழகான ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு ஒவ்வாமை இருக்கலாம், சிறுவயதில் கடி வாங்கியிருக்கலாம், அல்லது வெறுமனே பிடிக்காமல் இருக்கலாம், பிடிக்காததற்கு அவர் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அருங்காட்சியகம் மாதிரி மூடிய, குறுகலான இடத்தில் அவரால் ஒதுங்கிப் போக முடியாது. திறந்த மைதானத்தில் முடியும். நான் பார்க்கிற முதல் வித்தியாசம் இதுதான்: நாயைத் தவிர்க்க நினைக்கிற ஒருவருக்கு அந்த இடத்தில் வழி இருக்கிறதா? இருந்தால் நாய் வரட்டும், கயிற்றோடு வரட்டும். இல்லையென்றால் நாய் வெளியே இருக்கட்டும். கோட்டையின் வெளிமதில், தோட்டம், ஆற்றங்கரை நடைபாதை, கூரையில்லாத பழைய இடிபாடுகள் இதிலெல்லாம் நாயைத் தடுப்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை, அங்கே உங்களுக்காக நானே வாதாடுவேன்.

பேருந்து, ரயில் என்றால் வியன்னாவில் செய்வதைப் பாருங்கள். கயிறும் வாய்க்கூடும் இருந்தால் நாய் ஏறலாம். நம்மில் பலர் வாய்க்கூடு என்றாலே என் பிள்ளையைக் குற்றவாளியாக்குகிறார்கள் என்று பொங்குகிறோம். கூடை மாதிரிப் பின்னிய வாய்க்கூட்டுக்குள் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். குட்டியிலிருந்தே தீனி வைத்துப் பழக்கினால் அதுவே மூக்கை உள்ளே நீட்டும். அதனால் நாய்க்குப் பத்து இடம் புதிதாகத் திறக்கிறது என்றால் எனக்கு அதில் ஒரு அவமானமும் தெரியவில்லை.

கேள்வி: நான் பார்வையற்றவன். வழிகாட்டி நாயோடு நடமாடுகிறேன். ஒரு காட்சிக்கூடத்தின் வாசலில் "நாய்க்கு அனுமதி இல்லை, வேண்டுமானால் நாயை இங்கே கட்டிவிட்டு நீங்கள் மட்டும் போங்கள்" என்றார்கள். நான் எப்படிப் போவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இந்த விவாதத்தில் எங்களை எங்கே வைக்கிறீர்கள்?

பதில்: இந்த விவாதத்துக்கு வெளியே. உங்களை இதற்குள் இழுத்ததே பிழை. சென்ற இதழில் நான் எழுதிய ஒரு வரியில் இதைச் சொல்லாமல் விட்டதும் பிழை, அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் கண் இழந்த ராணுவ வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் வழிகாட்டி நாய்களுக்கான பள்ளி தொடங்கியது. 1929-ல் அமெரிக்காவிலும், 1931-ல் பிரிட்டனிலும் அந்த வேலை ஆரம்பித்தது. நூறாண்டுக்கு மேல் வளர்ந்த ஒரு பயிற்சி முறை இது. படி வந்தால் நிற்கும், தலையில் இடிக்கிற உயரத்தில் கிளை நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றி அழைத்துப் போகும். எனக்கு மெய்சிலிர்க்க வைப்பது இன்னொன்று: "போ" என்று எஜமானர் சொன்னாலும், எதிரே வண்டி வந்தால் அது போகாது. சொன்னதைச் செய்யப் பழகிய ஒரு பிராணியை, எப்போது சொன்னதைச் செய்யக் கூடாது என்றும் பழக்கியிருக்கிறார்கள். அந்த நாயைக் கட்டிவிட்டு உள்ளே போங்கள் என்பது, கண்ணாடி போட்டவரிடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓவியம் பாருங்கள் என்பதைவிடக் கொடுமை.

பல நாடுகளில் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் கீழ், வழிகாட்டி நாயோடு வருகிறவரை அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, உதவி நாய்தானா என்பது பார்த்தால் தெரியாதபோது வாசலில் நிற்பவர் இரண்டே கேள்விதான் கேட்கலாம். உடல் அல்லது மனக் குறைபாடு ஒன்றின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றிருக்கிறது? அவ்வளவுதான். சான்றிதழ் காட்டு, செய்து காட்டு என்றெல்லாம் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வாமை, பயம் என்பதும் திருப்பி அனுப்பக் காரணமாகாது, இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை. அதே நேரம் நாய் கட்டுக்கடங்காமல் நடந்து, கூட்டி வந்தவர் அடக்காவிட்டால் வெளியேறச் சொல்லலாம். இது இரு பக்கமும் நியாயமான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி நிர்வாகத்துக்கு அனுப்புங்கள், எந்த விதிப்படி அனுமதி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாசலில் "முடியாது" என்று வாயால் சொல்வது சுலபம், அதையே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் பலருக்குச் சட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மற்ற வாசகர்களுக்கு: சேணம் மாட்டிய நாய் வேலையில் இருக்கிறது. கூப்பிடாதீர்கள், தடவாதீர்கள், தின்ன எதுவும் நீட்டாதீர்கள். அதன் கவனம் ஒரு நொடி சிதறினால் விழப்போவது அதன் பின்னால் வருகிறவர்.

கேள்வி: "உதவி நாய்" என்று எழுதிய சட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டால் எங்கும் விடுவார்கள் என்று நண்பர் சொல்கிறார். மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். மேலே இருக்கிற கடிதத்தை இன்னொருமுறை படியுங்கள். உங்கள் நாய் அந்தச் சட்டையோடு உள்ளே போய் ஒருவரைப் பார்த்து உறுமினால், அடுத்த வாரம் உண்மையான வழிகாட்டி நாயோடு வருகிறவரை வாசலிலேயே சந்தேகத்தோடு நிறுத்துவார்கள். விமானத்தில் மன ஆறுதலுக்கு என்று சொல்லிப் பலரும் பலவிதப் பிராணிகளைக் கொண்டுவந்து பிரச்சினை முற்றிப்போய், 2021 ஜனவரி முதல் அவற்றை ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்க அரசு எடுத்துவிட்டது. ஆறுதல் உண்மையிலேயே தேவைப்பட்டவர்களும் அதில் சேர்ந்துதான் அடிபட்டார்கள்.

கேள்வி: காட்டுப் பாதையிலும் பறவைகள் தங்கும் கரையிலும் நாய் கூடாது என்கிறார்கள். கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: இந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் பதில் சொல்லியிருப்பேன். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே உள்ள காடுகளில் செய்து 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. கயிற்றில் கட்டிய நாயோடு ஒருவர் நடந்து போன பாதையில், யாருமே போகாத பாதையோடு ஒப்பிட்டால், பறவை இனங்கள் 35 சதவீதமும் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்திருந்தன. நாய் இல்லாமல் மனிதர் மட்டும் நடந்த பாதையில் இந்தக் குறைவு அதில் பாதிகூட இல்லை. நாய்கள் வழக்கமாக நடமாடுகிற இடத்துப் பறவைகளுக்குக்கூட அது பழகிப்போகவில்லை என்பதுதான் முக்கியம். நமக்கு அது செல்லம், தரையில் கூடு கட்டுகிற பறவைக்கு அது வேட்டை மிருகம். ஒவ்வொரு முறையும் கூட்டை விட்டு எழும்பிப் பறக்கிறது, அந்த நேரத்தில் முட்டை சூடு இழக்கிறது, அல்லது காகமோ வேறொன்றோ கொத்திக்கொண்டு போகிறது. நாம் அதற்குள் அடுத்த வளைவைத் தாண்டியிருப்போம், நமக்கு எதுவுமே தெரியாது.

கயிறு இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு நியூசிலாந்தின் வைடாங்கி காடு. 1987-ல் அங்கே ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாய் சில வாரங்களில் கொன்ற கிவிப் பறவைகள் சுமார் 500 இருக்கலாம் என்று கணித்தார்கள். அந்தக் காட்டில் இருந்ததே 900 போலத்தான். ஆய்வுக்காக ரேடியோ கருவி பொருத்திய 23 பறவைகளில் 13 செத்துக் கிடந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. கருவி இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

உயிரியல் பூங்காவுக்குள் நாயை விடாததற்கும் இதே மாதிரிக் காரணம் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கிற மான் ஓடி ஒளிய முடியாமல் மிரளும் என்பது ஒன்று, நோய் இன்னொன்று. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சமவெளியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு டிஸ்டம்பரால் செத்தன, சுற்றியிருந்த ஊர் நாய்களிடமிருந்து பரவியதாகவே கண்டறிந்தார்கள். அதனால் சரணாலயம், பறவைகள் கூடு கட்டுகிற கரை, உயிரியல் பூங்கா மூன்றிலும் தடை சரிதான், கயிறு போதாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதி உள்ள பகுதியில்கூடக் கயிறு 6 அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற கயிறு வைத்திருப்பவர்கள் இந்த 6 அடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், நீளக் கயிற்றின் மறுமுனையில் உங்கள் நாய் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிவதற்குள் அது செய்து முடித்துவிடும்.

கேள்வி: நாய்க் கழிவு மண்ணுக்கு உரம்தானே? எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: உரம் இல்லை, எடுத்தே ஆக வேண்டும். நாயின் வயிற்றில் இருக்கக்கூடிய உருண்டைப் புழுவின் முட்டை கழிவோடு வெளியே வந்தவுடன் யாருக்கும் தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். அதாவது அன்றைக்கே எடுத்துவிட்டால் அந்த ஆபத்து அன்றோடு சரி. விட்டுவிட்டால், கழிவு மழையில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் முட்டை மண்ணில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும், அந்த மண்ணை அளைந்த கையைக் குழந்தை வாயில் வைக்கும். அரிதாக அந்தப் புழு கண் வரை போய்ப் பார்வையைக் கெடுத்திருக்கிறது. பையில் எடுத்து, அந்தப் பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், குப்பைத்தொட்டி வரை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஒரு சுற்றுலாத் தலத்தின் நுழைவாயிலில் வேலை பார்க்கிறேன். நாய்க்குத் தடை என்று சொன்னால், "சரி" என்று திரும்பிப் போய், நாயைக் காரில் பூட்டிவிட்டு வருகிறார்கள். போன கோடையில் ஒரு நாயைக் கண்ணாடியை உடைத்து எடுத்தோம். நான் செய்கிற வேலை சரிதானா என்றே சந்தேகம் வருகிறது.

பதில்: கண்ணாடியை உடைத்த கைகளுக்கு என் வணக்கம். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் தப்பு உங்களுடையது இல்லை. முதல் தப்பு பூட்டிவிட்டு வந்தவருடையது. இரண்டாவது தப்பு, தடையை எழுதிவிட்டு நாய் எங்கே போகும் என்று யோசிக்காத நிர்வாகத்துடையது.

வெளியே 24 டிகிரி, இதமான வெயில் என்று நாம் சொல்கிற நாளில்கூட, பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரி ஆகிவிடும், அரை மணியில் 43-ஐத் தொடும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் கிடையாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், உள்ளே இருக்கிற காற்றே சூடாகிவிட்டால் மூச்சிரைத்து என்ன பயன்? "பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று உண்மையாகவே நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். டிக்கெட் வரிசையே பத்து நிமிடத்தைத் தின்றுவிடும்.

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. தடையைப் பற்றிய அறிவிப்பு இணையதளத்திலும் டிக்கெட்டிலும் முதலிலேயே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வாசலில் வந்து தெரிந்துகொள்கிறவர் எவ்வளவோ தூரம் பயணம் செய்து வந்திருப்பார், குடும்பம் உள்ளே போகத் துடிக்கும், அந்த அவசரத்தில்தான் கார்க் கதவு பூட்டப்படுகிறது. அடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் நிழலும் தண்ணீரும் ஓர் ஆளும் இருக்கிற காத்திருப்பு இடம், கட்டணம் வாங்கினாலும் சரி. அது முடியாவிட்டால் குடும்பத்தில் பாதிப் பேர் முதலிலும் மீதிப் பேர் அப்புறமும் ஒரே டிக்கெட்டில் மாறி மாறிப் போகிற வசதி. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, வாசலில் இருப்பவருக்கு அதிகாரம் கொடுத்தால் போதும். இதுவரை நிர்வாகம் உங்களுக்கு "முடியாது" என்று சொல்ல மட்டும்தான் அதிகாரம் கொடுத்திருக்கிறது போல.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. திருவிழா, கண்காட்சி எங்கே போனாலும் எங்கள் நாயைக் கூட்டிப் போவேன். வால் ஆட்டிக்கொண்டே வருகிறது, அதற்கும் பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இத்தனை கடிதங்களில் நாயின் பக்கத்திலிருந்து கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

வால் ஆடுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மட்டும் உயரத்தில் குறுகலாக வேகமாக ஆடினால் அது பதற்றம். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தின்ன ஒன்றும் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பதால் கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரிவது, நீட்டிய தீனியை வாங்காமல் இருப்பது, உங்கள் காலுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வது — இதெல்லாம் "போகலாம்" என்று அது சொல்கிற விதம். நமக்குக் கேட்காத ஒலிகளும் அதற்குக் கேட்கும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கிற நாயை நினைத்துப் பாருங்கள். தரையையும் பாருங்கள், புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு புகைப்படத்தில். எங்கள் நாயை ஒரு மாலைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன், மேளமும் விளக்கும் கூட்டமும். வருகிறவர் எல்லாம் அதன் தலையைத் தடவினார்கள், அது அமைதியாக நின்றது, எனக்கு அவ்வளவு பெருமை. இடையில் வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது, அப்போது எடுத்த படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். நாய்களின் உடல்மொழி பற்றித் தெரிந்துகொண்ட பிறகு, வருடங்கள் கழித்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது இரண்டும் பின்னால் ஒட்டியிருக்கிறது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை. முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கியபடி நிற்கிறது. ஒரு பெரியவரின் கை அதன் தலைமேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கயிறு என் கையில் இருக்கிறது, நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தமுறை போகும்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று, கயிற்றைத் தளர்த்திப் பிடியுங்கள். உள்ளே போக இழுக்கிறதா, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் திரும்பி வாருங்கள்.